கூப்பிடு தூரத்தில் கடல். குடம் மட்டும் காலி! மழைநீர்க் குழி எங்கே வெட்டுவது?

இடம் தப்பினால் காசும் போச்சு, தண்ணீரும் போச்சு!

கூப்பிடு தூரத்தில் கடல். அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. ஆனால் குழாயடியில் காலிக் குடங்கள் வரிசை!

சென்னையின் கடலோரப் பகுதிகளில் கடுங்கோடை வந்தால் இதுதான் காட்சி. வடக்கே ராயபுரத்தில் இருந்து தெற்கே திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை வரை எத்தனையோ வீடுகளில் கிணறு இருக்கிறது. மோட்டார் இருக்கிறது. சில இடங்களில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் வாயில் வைத்தால் கரிக்கிறது!

"கடல் பக்கத்துல குடியிருந்தா உப்புத் தண்ணிதான். அதுக்கு என்ன பண்றது?" என்று பலர் தலைவிதி மேல் பழியைப் போட்டுவிட்டு லாரிக்குப் போன் போடுகிறார்கள்.

தலைவிதி அல்ல. அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு கிணற்றில் தண்ணீர் இளநீர் மாதிரி இருப்பதும் உண்டு. வித்தியாசம் எங்கே? மழைத் தண்ணீர் எந்த இடத்தில் பூமிக்குள் இறங்குகிறது, எவ்வளவு தண்ணீரை மேலே இழுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

250 ஆண்டுக்கு முந்திய பாடம்

கடல் ஓரத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காது என்பது தப்பு. சென்னை நகரின் முதல் குடிநீர்த் திட்டமே கடலுக்குப் பக்கத்தில்தான் பிறந்தது!

1772-ம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்ற ஆங்கிலேயர், இப்போதைய ஜார்ஜ் டவுன் பகுதியில் கிணறுகளை வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார். இன்றும் அந்த வட்டாரத்துக்கு 'ஏழு கிணறு' என்றுதான் பெயர். கடல் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை.

அங்கே இருந்தது மணல். மணலில் விழுந்த மழை நேராக உள்ளே இறங்கியது. இறங்கிய தண்ணீர் தங்கியது. அவர்கள் இடம் பார்த்து வெட்டினார்கள். அதனால்தான் தண்ணீர் கிடைத்தது.

உப்பு வருவது எப்படி?

கடலோரத்தில் பூமிக்கு அடியில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. மேலே மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர். கீழே கடல் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனம் அதிகம். ஆகவே நல்ல தண்ணீர் அதன் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 2 அடி நின்றால் கீழே 80 அடி!

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரைப் போட்டு இழுத்து, மேல் மட்டத்தை 1 அடி இறக்கிவிட்டால், காலப்போக்கில் அடியில் இருந்து உப்புத் தண்ணீர் 40 அடி ஏறி வந்துவிடும்!

ஒரு அடி பேராசைக்கு நாற்பது அடி தண்டனை!

ஒரு தெருவில் பத்து வீடு அளவோடு இறைத்து, பதினோராவது வீட்டுக்காரர் ஆழமாகப் போர் போட்டு லாரிக்கு விற்றால், கெடுவது அவர் தண்ணீர் மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளின் கிணறும் சேர்ந்தே கரிக்கும்.

மீஞ்சூர் கற்றுக்கொடுத்தது

வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர் இருக்கிறது. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் படுகை. நல்ல ஊற்றுள்ள பூமி. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் பல ஆண்டுகள் அங்கிருந்து தண்ணீரை இழுத்தார்கள். இறங்கியதைவிட ஏறியது அதிகம். கடல் சும்மா இருக்குமா? பூமிக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது!

சென்னை வட்டாரத்தில் நிலத்தடி நீரை எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 1987-ம் ஆண்டில் வந்தது. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, தண்ணீரை உள்ளே இறக்கும் வேலையும் நடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில்தான் 2010-ம் ஆண்டில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். இனிப்பாக இருந்த ஊற்றுக்குள் கடலைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அந்தக் கடலையே வடிகட்டிக் குடிக்க வேண்டிய நிலை!

ஒரு கூரை, எட்டு லாரி

சென்னையில் மழை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சராசரியாக ஆண்டுக்கு 1,300 மில்லி மீட்டருக்கு மேல் பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூன்று மாதம் முழங்கால் தண்ணீர். மற்ற மாதங்களில் வாளித் தண்ணீருக்கு வழி பார்க்க வேண்டும்.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,300 மில்லி மீட்டர் மழையில் அதன்மேல் விழுவது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். ஆவியானது, சிந்தியது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 96 ஆயிரம் லிட்டர் மிச்சம்.

12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் எட்டு லாரி தண்ணீர். காசு கேட்காமல் மாடியில் வந்து இறங்குகிறது. அதைத்தான் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரல் மாதத்தில் லாரிக்காரரிடம் கெஞ்சுகிறோம்.

2019-ம் ஆண்டுக் கோடையை மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு பாளம் பாளமாக வெடித்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரெயிலுக்கு 25 லட்சம் லிட்டர். இன்றைய கணக்குப்படி பார்த்தால், இருபத்தாறு மொட்டை மாடிகளின் ஓர் ஆண்டு மழை அது. அவ்வளவுதான்!

சட்டம் வந்தது, குழியும் வந்தது

2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அப்போது முதல்-அமைச்சராக இருந்தவர் ஜெயலலிதா. கெடு வைத்தார்கள். ஊர் முழுக்கக் கடப்பாரைச் சத்தம் கேட்டது. குழாய், ஜல்லி, உறை எல்லாவற்றுக்கும் கிராக்கி!

2005-ம் ஆண்டில் பெருமழை பெய்தது. பல கிணறுகளில் தண்ணீர் ஏறியது. மழைக்கும் அதில் பங்கு உண்டு, குழிக்கும் பங்கு உண்டு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கெடுவுக்குப் பயந்து அவசரம் அவசரமாக வெட்டிய குழிகள் எத்தனையோ! கேட் ஓரத்தில் இரண்டு அடிப் பள்ளம். நாலு கூடை ஜல்லி. மாடிக் குழாயை அதில் சொருகி, "ஆச்சு சார், சட்டப்படி போட்டாச்சு" என்று கணக்குக் காட்டியது. அடியில் மணலா, களியா என்று யாரும் பார்க்கவில்லை. பல குழிகள் கொசு வளர்க்கும் தொட்டியாகி, பிறகு சிமெண்டு போட்டு மூடப்பட்டுவிட்டன.

குழி தப்பு இல்லை. இடம்தான் தப்பு!

சென்னையில் மூன்று பூமி

சென்னையின் பூமி எல்லா இடத்திலும் ஒன்று அல்ல.

மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர், அதற்குத் தெற்கே கடற்கரைச் சாலை ஓரம் - இங்கே மணல். தண்ணீர் விட்ட மாத்திரத்தில் குடித்துவிடும்.

அண்ணா நகர், கே.கே.நகர் போன்ற மேற்குப் பகுதிகளில் பல இடங்களில் களிமண். மேலே விட்ட தண்ணீர் மேலேயே நிற்கும். களியைத் துளைத்துக்கொண்டு அடியில் உள்ள மணல் படுகை வரை குழாய் இறக்கினால்தான் வேலை நடக்கும்.

வேளச்சேரி, ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடம் பார்த்துத் தண்ணீர் இறக்க வேண்டும்.

ஒரு பேட்டைக்குள்ளேயே இது மாறும். தெருவின் இந்த முனையில் மணல் இருக்கும், அந்த முனையில் களி இருக்கும். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மாதிரியே நாமும் போடுவது கூடாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு அடி பள்ளம் தோண்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிஷத்தில் காணாமல் போனால் மணல். மறுநாள் காலையிலும் நின்றால் களி. ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றால் களி, உதிர்ந்தால் மணல்!

எங்கே வெட்டலாம்?

கடலோர மணல் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது மேடு எங்கே என்று.

திருவான்மியூருக்குத் தெற்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவில் மணல் மேடு நீளமாகப் போகிறது. அந்த மேட்டுக்கு அடியில்தான் நல்ல தண்ணீர் தடிமனாக நிற்கும். மேட்டில் இறக்கிய மழை இரண்டு பக்கமும் மெதுவாகப் பரவி உப்பைத் தள்ளி நிறுத்தும்.

அலை ஓரத்தில் குழி போட்டு என்ன பயன்? இறக்கிய தண்ணீர் கொஞ்ச நாளில் கடலுக்கே போய்விடும். கால்வாய் ஓரமும் உதவாது. சாக்கடை நீர் ஊறி வரும் இடத்தில் நல்ல தண்ணீரை எதற்குக் கொட்டுவது?

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதுதான் முதல் இடம். புதுக் குழியே வேண்டாம்! மாடித் தண்ணீரை ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டால் போதும். தொட்டியில் அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். வேலை முடிந்தது. பழங்கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்த இடம் பண்ணியவர்கள் இப்போது வருத்தப்படுகிறார்கள்.

கிணறு இல்லாதவர்கள் உறை இறக்கலாம். 3 அடி அகலம், 12 அடி ஆழம் உள்ள உறை கிணறு சுமார் 2,400 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் வரும் தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுதான். மணல் பூமியில் ஒரு பக்கம் நிரம்ப நிரம்ப, மறுபக்கம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேட் வாசலும் நல்ல இடம். மாடியில் விழுந்ததைப் பிடித்துவிட்டு, முற்றத்தில் விழுந்ததைத் தெருவுக்கு விடுகிறோம். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, மேலே கம்பி மூடி போட்டு, உறை கிணற்றுக்குத் திருப்பினால் அந்தத் தண்ணீரும் வீட்டோடு தங்கும். கார் கழுவிய தண்ணீரும் எண்ணெயும் மட்டும் அதில் சேரக் கூடாது.

எங்கே வெட்டக் கூடாது?

செப்டிக் டேங்க் பக்கத்தில் கூடவே கூடாது. இடம் இருந்தால் 50 அடி தள்ளிப் போட வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத அரை கிரவுண்டு வீடு என்றால், மனையின் எதிர் மூலைக்குக் கொண்டு போங்கள். மணல் நல்ல தண்ணீரை வேகமாக இழுப்பது போலவே அழுக்குத் தண்ணீரையும் இழுக்கும்.

சுவர் ஓரத்தில் கடைக்காலை ஒட்டியும் கூடாது. 10 அடியாவது தள்ளி இருப்பது கட்டிடத்துக்கு நல்லது.

முக்கியமான இன்னொன்று. மழைக்காலம் முடிந்த பிறகும் 10 அடி ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் இடத்தில் குழி வெட்டிப் பலன் குறைவு. பூமியின் வயிறு ஏற்கனவே நிரம்பி இருக்கிறது. இன்னும் ஊட்டினால் எங்கே போகும்? அந்த மாதிரி இடங்களில் குழியை விட்டுவிட்டுத் தொட்டியைக் கட்ட வேண்டும்.

குழியா, தொட்டியா?

அடித்தண்ணீர் ஏற்கனவே உவர்ப்பாகிவிட்ட வீடுகளுக்கும் இதே பதில்தான். ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஒரே ஒரு மழைக்காலம் குழியில் தண்ணீர் விட்டுவிட்டு, "அடுத்த மாசமே இனிக்கும்" என்று எதிர்பார்க்கக் கூடாது. சுற்றிலும் உப்பு இருக்கும்போது ஒரு வீட்டு மழை அதில் கரைந்துவிடும். தெரு முழுக்கச் சேர்ந்து பல ஆண்டு இறக்கினால்தான் உப்பு பின்வாங்கும்.

அதுவரை குடிக்கவும் சமைக்கவும் என்ன செய்வது? 5 ஆயிரம் லிட்டர் தொட்டி போதும். 5 சென்டி மீட்டர் மழை ஒரு நாள் பெய்தால், ஆயிரம் சதுர அடி மாடித் தண்ணீரில் அது ஏறக்குறைய நிரம்பிவிடும். ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளுக்கு 50 லிட்டர் செலவழித்தால் 100 நாள் தாங்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மாடி அழுக்கு அதில்தான் வரும். தொட்டிக்குள் வெயிலும் கொசுவும் போகாமல் மூடி வைக்க வேண்டும். குடிக்கும்போது காய்ச்சிக் குடிப்பது நல்லது.

குப்பத்துக்கு என்ன வழி?

கூரையும் முற்றமும் உள்ளவர்களுக்கு இவ்வளவு யோசனை. மீனவர் குப்பங்களில் பத்தடிக்குப் பத்தடி வீட்டில் எங்கே உறை இறக்குவது, எங்கே தொட்டி கட்டுவது?

அங்கே பொது இடம்தான் கைகொடுக்கும். பள்ளிக்கூடம், மீன் ஏலக் கூடம், சமுதாயக் கூடம், கோவில் என்று பெரிய கூரைகள் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு. அந்தக் கூரைத் தண்ணீர் குப்பத்துக் கைப்பம்பு இருக்கும் மேட்டுப் பக்கம் இறங்க வேண்டும். தண்ணீருக்கு முதலில் அல்லாடுகிறவர்கள் இவர்கள்தான். லாரி வாங்கக் காசு இல்லாதவர்களும் இவர்கள்தான். ஆகவே இடம் தேடும்போது முதல் புள்ளியைக் குப்பத்தில் வைப்பதுதான் நியாயம்.

கோவில் குளங்களையும் மறக்கக் கூடாது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் குளம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் குளம், திருவான்மியூர் மருந்தீசுவரர் கோவில் குளம் எல்லாம் கடலோர மணல் பூமியில் பெரியவர்கள் இடம் பார்த்து வெட்டியவை. சுற்றி நாலு தெரு மழையும் குளத்துக்கு வந்தது. குளம் நிறைந்தால் வீட்டுக் கிணறு நிறையும். தெருவுக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த வழிகள் அடைபட்ட இடங்களில், மழை கொட்டினாலும் குளத்துக்கு ஒரு சொட்டு வருவது இல்லை. புதிய இடம் தேடுவதற்கு முன்னால் பழைய வழியைத் திறப்பது செலவு குறைந்த வேலை.

வானத்தில் இருந்து ஒரு பார்வை

ஒரு வீட்டுக்குக் கடப்பாரையும் இரண்டு குடம் தண்ணீரும் போதும். ஊர் முழுவதற்கும் இடம் தேட வேண்டுமானால்?

அதற்குத்தான் செயற்கைக்கோள் படங்களும் கம்ப்யூட்டரும் வந்திருக்கின்றன. மழை அளவு, மண் வகை, சரிவு, கட்டிடமா காலி மனையா, நீர்மட்டம், உப்பின் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எது முக்கியமோ அதற்கு அதிக மார்க். கடைசியில் எல்லா மார்க்கையும் கூட்டினால், நல்ல இடம், சுமாரான இடம், ஆகாத இடம் என்று கலர் கலராகப் பிரிந்து வந்துவிடும்.

கடலோரத்தில் இதில் ஒரு எச்சரிக்கை தேவை. உள்நாட்டில் சரிவுக்கும் ஓடைக்கும் அதிக மார்க் போடுவார்கள். கடலோரத்தில் உப்பின் அளவையும் கடலில் இருந்து உள்ள தூரத்தையும் கணக்கில் எடுக்காமல் போட்டால், படம் அழகாக இருக்கும், பலன் இருக்காது. படம் பேட்டையைக் காட்டும். குழி வெட்டும் இடத்தைக் கடப்பாரைதான் காட்டும்!

மணலை மூடலாமா?

தெற்குக் கடற்கரை வட்டாரத்தில் மாநகராட்சி மழைநீர்க் கால்வாய் கட்டக் கிளம்பியபோது, 2020-2021 ஆண்டுகளில் அங்கே குடியிருப்போர் பலர் எதிர்த்தார்கள். "இங்கே மணலே மழையைக் குடிச்சிடுது. கால்வாய் கட்டிக் கடலுக்கு அனுப்புவானேன்?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

கால்வாயே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலிலும் சென்னை பட்ட பாடு தெரியும். ஆனால் களிமண் பேட்டைக்கு வேண்டிய கால்வாயை மணல் பேட்டையில் கட்டுவது, ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை இன்னொருவருக்குக் கொடுப்பது மாதிரி. மாநகராட்சி இப்போது சில பூங்காக்களில் 'பஞ்சுப் பூங்கா' என்ற பெயரில் குளம் வெட்டி மழையைத் தேக்குகிறது. அதற்கும் அடியில் என்ன மண் என்று பார்த்து இடம் பிடித்தால்தான் பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்.

வீடுகளிலும் இதே கதைதான். முற்றம் முழுக்க சிமெண்டு, ஓரம் முழுக்க டைல்ஸ் என்று மணலை மூடிவிட்டு, குழி மட்டும் வெட்டினால் போதாது. நாலு அடி மணலைத் திறந்து விடுவதும் சேகரிப்புதான்.

செப்டம்பர் வேலை

வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நாலுதான்.

ஒன்று:- மாடியைப் பெருக்கிக் குழாயில் அடைப்பு எடுப்பது.

இரண்டு:- குழியைத் திறந்து பார்ப்பது. ஜல்லியில் சேறு படிந்திருந்தால் அள்ளிக் கழுவிப் போடுவது.

மூன்று:- கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது. அதற்கான சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழி இல்லாதபோது 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரக் கணக்கு. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எழுதி வைத்தால், வெட்டிய குழி வேலை செய்கிறதா இல்லையா என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

நாலு:- தெருவில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவது. மேலே சொன்ன மூன்றையும் விடக் கஷ்டமான வேலை இதுதான்!

ஏனென்றால் மதில் சுவர் மண்ணுக்கு மேலேதான். அடியில் எல்லாருக்கும் ஒரே கிணறு. ஒருவர் இறக்கிய தண்ணீர் ஊருக்கே போகும். ஒருவர் கூப்பிட்ட உப்பும் ஊருக்கே வரும்!